ரெண்டாவது ஸ்டேஜைப் பார்க்காமல் போனவர்

பொங்கல் லீவு முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நெல்லிக்குப்பத்துல கரும்பு வெட்டி முடிச்ச ஒரு வயல்ல நாங்க ஆறு பேர் நின்னுட்டிருந்தோம். கையில சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பு. எதிர்ல தோள் உயரத்துக்கு ஒரு ராக்கெட். பெருசா எதுவும் நினைச்சுக்காதீங்க, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல செஞ்ச தண்ணி ராக்கெட்தான். மருந்து கலக்குற வேலைக்கே நாங்க போகல. அது கையையும் கண்ணையும் எடுத்துடும், லைசென்ஸ் இல்லாம செஞ்சா சட்டப்படியும் தப்பு. தண்ணி, காத்து, பிளாஸ்டிக், அவ்வளவுதான் முதலீடு.

ஆனா இது ரெண்டு ஸ்டேஜ். கீழ் பாட்டில் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு மேல தூக்கணும். அதுல அழுத்தம் இறங்கினதும் மேல் பாட்டில் கழன்று தனியா சீறிப் போகணும். ரெண்டையும் பிடிச்சு வச்சிருந்தது ஒரு சைக்கிள் ட்யூப் துண்டு. கீழ அழுத்தம் இருக்குற வரைக்கும் அது உப்பி, மேல் பாட்டில் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் போனதும் விட்டுடும். பேப்பர்ல எல்லாம் சரி.

நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து வந்த நண்பன் போன்ல ஸ்லோ மோஷன் எடுத்தான். ராக்கெட் நல்லாத்தான் கிளம்புச்சு. ஆனா ட்யூப் கழுத்துல ஒட்டிக்கிச்சு. அது விடறதுக்குள்ள ராக்கெட் தலை சாய்ஞ்சுடுச்சு. ரெண்டாவது ஸ்டேஜ் வானத்துக்குப் போகாம, படுத்த வாக்குல வரப்பைத் தாண்டி, வெட்டாத பக்கத்துக் கரும்புக்குள்ள போய் விழுந்தது. தேடி எடுக்க ஒரு மணி நேரம். கரும்புத் தோகை கையெல்லாம் கீறிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி, இந்தியாவுல முதன்முதலா விண்வெளியைத் தொட்ட ரெண்டு ஸ்டேஜ் ராக்கெட் எது, அதை யார் பறக்க விட்டாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல் ஒரு மனுஷன்கிட்ட கொண்டு போய் விட்டது. பேர் உங்களுக்குத் தெரியும், விக்ரம் சாராபாய். ஸ்கூல் ஜி.கே. புக்ல இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தைன்னு ஒத்தை வரியில படிச்சுட்டுத் தாண்டிப் போயிருப்போம். நானும் அப்படித்தான். அந்த ஒத்தை வரிக்குப் பின்னால என்ன இருக்குன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பணக்கார வீட்டுப் பையன்

சாராபாய் 1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால் சாராபாய், காலிகோ மில் முதலாளி. அம்மா சரளா தேவி. எட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளை வெளிப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டு வளாகத்திலேயே ஒரு பள்ளியை நடத்தினார்கள். காந்தி, தாகூர் எல்லாம் வந்து போகும் வீடு.

கொடுத்து வச்சவர்னு நினைப்பீங்க. உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். நாம பாட்டில் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போறோம். அவர் பள்ளி வயசுலயே, ஓடுற மாதிரி ஒரு சின்ன ரயில் என்ஜின் செய்ய வீட்டுல பட்டறையும் உதவிக்கு ஆளும் இருந்துச்சு.

ஆனா அது வெறும் பணக்கார வீடு மட்டும் இல்ல. 1918-ல் அகமதாபாத் மில் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பக்கம் நின்றவர் அம்பாலால். தொழிலாளர்கள் பக்கம் காந்தியோடு நின்றவர் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா. சாராபாயின் அக்கா மிருதுளா சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி. அப்படி ஒரு வீட்டுல வளர்ந்த பையனுக்கு, ஒத்துக்காதவங்களோடவும் உட்கார்ந்து பேசலாம்ங்கிற பழக்கம் தானா வந்திருக்கும்னு தோணுது. அது பின்னாடி தும்பாவுல ரொம்பவே தேவைப்பட்டது.

உயரத்தைத் தேடி

குஜராத் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். 1940-ல் இயற்கை அறிவியலில் தேர்ச்சி. அதற்குள் உலகப் போர் வந்துவிட்டதால் ஊர் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பொருள் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து பூமி மேல் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் அவை. ஹோமி பாபாவும் அப்போது அங்கேதான் இருந்தார்.

இங்க ஒரு சென்னைக் கதையும் உண்டு. 1942-ல் சாராபாய் மிருணாளினியைக் கல்யாணம் செய்துகொண்டார். மிருணாளினி பரதநாட்டியக் கலைஞர், சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகள். நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமியின் தங்கை. கல்யாணம் நடந்தது சென்னையில். வெள்ளையனே வெளியேறு போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம் என்பதால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வந்து சேரவில்லை.

காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில ஒரு சிக்கல் இருக்கு. தரையில கருவியை வச்சா, மேல இருந்து வர்றதுல பெரும்பகுதியை வளிமண்டலம் மாத்திடும். மேல போகப் போகத்தான் அசல் சங்கதி கிடைக்கும். அதனால 1943-ல் கருவிகளைத் தூக்கிக்கொண்டு காஷ்மீர் மலைகளுக்குப் போனார். போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ். வெப்பமண்டலப் பகுதிகளில் காஸ்மிக் கதிர்கள் பற்றிய ஆய்வுக்காக 1947-ல் முனைவர் பட்டம்.

மலை எவ்வளவு உயரமா இருந்தாலும் ஒரு இடத்துல முடிஞ்சுடும். பலூன் விட்டா சுமார் 40 கி.மீ. வரைக்கும் போகும். செயற்கைக்கோள் சுத்தணும்னா 200 கி.மீ.க்கு மேல இருக்கணும். நடுவுல இருக்கிற அந்த இடத்துக்குப் பலூனும் எட்டாது, செயற்கைக்கோளும் இறங்காது. அங்க நேரடியாப் போய் அளந்து பார்க்க ஒரே வழி ராக்கெட். ராக்கெட் மேல இருந்த மோகத்துல அவர் ராக்கெட்டுக்கு வரல. கையில இருந்த கேள்வி அவரை அங்க கொண்டு வந்து நிறுத்திச்சு.

கட்டுவார், கொடுத்துடுவார்

நாடு திரும்பியதும் 1947 நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். வயது 28. வீட்டு வளாகத்து அறைகளிலும் ஒரு கல்லூரி அறையிலும் ஆரம்பித்த வேலை அது. முதல் இயக்குநராக அவர் உட்காரவில்லை. வானிலை அறிவியலில் பெரிய அனுபவம் உள்ள கே.ஆர். ராமநாதனை அழைத்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

அதே 1947-ல் ஜவுளி மில்களுக்காக அட்டிரா என்ற ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்து, 1956 வரை நடத்திவிட்டு விலகினார். 1961-ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். உருவாக முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். தொடக்க காலத்தில் கௌரவ இயக்குநராக இருந்துவிட்டு 1965-ல் அங்கிருந்தும் விலகினார். மிருணாளினியோடு சேர்ந்து 1949-ல் தர்ப்பணா என்ற கலைப் பள்ளி. பள்ளி மாணவர்கள் கையால் செய்து பார்த்துப் படிப்பதற்காக ஒரு சமுதாய அறிவியல் மையம். குடும்பத் தொழிலில் மருந்து, ரசாயனக் கம்பெனிகள் வேறு.

லிஸ்ட்டைப் படிச்சு மலைக்க வேண்டாம். அதுல ஓடுற ஒரு பழக்கத்தை மட்டும் பாருங்க. ஆரம்பிப்பார், ஆள் சேர்ப்பார், அது தன் காலில் நிக்க ஆரம்பிச்சதும் இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டு நகர்ந்துடுவார். நம்ம கிளப்புல எத்தனை பேருக்கு இது வரும்னு யோசிங்க. பேனர்ல பேர் சின்னதாப் போட்டா சண்டை போடுறவங்க நாம.

தும்பா

1962-ல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. தலைவர் சாராபாய். அடுத்து ராக்கெட் விட இடம் பார்க்கணும். திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்ற மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் அங்க? திசைகாட்டி முள்ளை மேலும் கீழும் ஆடுற மாதிரி தொங்கவிட்டா, நம்ம பக்கம் சாயும், வடதுருவத்துப் பக்கம் செங்குத்தா நிக்கும். அது சரியாப் படுக்கை வாட்டத்துல நிக்கிற இடங்களைச் சேர்த்துக் கோடு போட்டா, அதுதான் பூமியின் காந்த நடுக்கோடு. அந்தக் கோடு தும்பாவை ஒட்டிப் போச்சு. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 110 கி.மீ. உயரத்துல, பகல் நேரத்துல ஒரு பெரிய மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடும். அதைப் பிடிச்சுப் பார்க்கணும்னா அதுக்கு நேர் கீழ நின்னுதான் ராக்கெட் விடணும். கேரளக் கரையில ஒரு மீனவ கிராமம் உலக விஞ்ஞானிகளுக்குத் தேவைப்பட்டது இதனாலதான்.

அங்கே புனித மரிய மகதலேனாள் தேவாலயமும், ஆயரின் வீடும், மீனவக் குடும்பங்களும் இருந்தார்கள். சுமார் 600 ஏக்கர் தேவை. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஞாயிறு வழிபாட்டில் மக்களிடமே விஷயத்தை வைத்தார். மக்கள் ஒத்துக்கொண்டார்கள். வேறு இடத்தில் வீடும் புதுக் கோயிலும் கட்டிக் கொடுக்கப்பட்டன. பழைய தேவாலயம் ராக்கெட் வேலை நடக்கும் கூடமானது. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம்.

இதைப் படிக்கும்போது ராக்கெட்டை மட்டும் பார்த்துட்டுப் போயிடாதீங்க. கடலை ஒட்டி, கண்ணுக்கு எதிர்ல படகு நிக்கிற வீட்டை விட்டுக் கொடுக்கிறது ஒரு மீனவக் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்ல. நெய்வேலியில சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீடுகளைத் தெரிஞ்ச நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டாம். இந்தியாவின் முதல் ராக்கெட் மேல போனதுல அவங்க பங்கும் இருக்கு.

அந்த ரெண்டு ஸ்டேஜ் ராக்கெட்

ஒரு சின்ன இளைஞர் குழுவைப் பயிற்சிக்கு நாசாவுக்கு அனுப்பினார் சாராபாய். அதில் ஒருவர், பம்பாயில் அவர் நேர்காணல் செய்து எடுத்த ராமேஸ்வரத்து இளைஞர், சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம். அங்கே வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்பறையில் திப்பு சுல்தான் படையின் ராக்கெட்டுகளைக் காட்டும் ஓவியத்தைப் பார்த்ததைக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மைசூர்ப் படை ராக்கெட்டால் ஆங்கிலேயரைத் திணறடித்தது 1780-ல், காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில். அடுத்த வருஷம் ஹைதர் அலி அதே ஆங்கிலேயரோடு மோதியது நம்ம கடலூர் மாவட்டப் பரங்கிப்பேட்டையில். ராக்கெட் நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல, நடுவுல விட்டுட்டோம், அவ்வளவுதான்.

1963 நவம்பர் 21. ராக்கெட்டின் பெயர் நைக்கி-அப்பாச்சி. ராக்கெட் அமெரிக்காவுடையது. மேலே வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் கொடுத்தது. இந்தியா கொடுத்தது இடத்தையும் ஆட்களையும்தான். ராக்கெட்டை லாரியிலிருந்து ஏவுமேடைக்குத் தூக்கும் நேரத்தில் கிரேனின் ஹைட்ராலிக்கில் கசிவு வந்துவிட்டது. மிச்சத்தைக் கையாலேயே தூக்கி நிறுத்தினார்கள். அன்று மாலை ராக்கெட் பறந்தது. சோடியம் ஆவி அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறக் கோடாகப் பரவியது. அது எப்படிக் கலைகிறது என்று படம் எடுத்து, அந்த உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று கணக்கிட்டார்கள்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். நைக்கி-அப்பாச்சியின் கீழ் அடுக்கு நைக்கி, ஒரு ராணுவ ஏவுகணைக்காகச் செய்த பூஸ்டர். அது எரியறது சுமார் மூணரை விநாடிதான். அப்புறம் என்ன நடக்குது தெரியுமா? ரெண்டாவது ஸ்டேஜ் உடனே பத்திக்காது. நைக்கி தடியா இருக்கும், இறக்கையும் பெருசு, அதனால காத்து அதைப் பிடிச்சு இழுக்கும். மேல இருக்குற அப்பாச்சி ஒல்லி, காத்தைக் கிழிச்சுட்டுப் போகும். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகித்தான் இருக்கு. வேகம் வித்தியாசப்பட்டதும் நைக்கி தானா உருவிக்கிட்டுப் பின்னால போயிடும். அப்பாச்சி எஞ்சின் எரியாம சும்மா மேல போய்க்கிட்டே இருந்து, சுமார் 20-வது விநாடியில காத்து நல்லா மெலிஞ்ச பிறகுதான் பத்திக்கும். கீழயே எரிஞ்சிருந்தா பாதி சக்தி காத்தோட மல்லுக்கட்டியே போயிருக்கும். பொறுத்து எரிஞ்சதால சுமார் 200 கி.மீ. உயரம்.

இதைப் படிச்சதும் வயல்ல நாங்க பண்ண தப்பு எனக்குப் புரிஞ்சது. இணைப்பு இறுக்கமா இருந்தா பலம்னு நினைச்சுட்டோம். பக்கவாட்டுல ஆடக் கூடாது, அது சரி. ஆனா மேல் நோக்கி உருவும்போது தடையே இருக்கக் கூடாது. நாங்க எல்லாத் திசையிலயும் இறுக்கி வச்சிருந்தோம்.

நம்ம கையால

வாங்கின ராக்கெட்டைப் பறக்கவிட்டதோட சாராபாய் நிக்கல. பிரான்சிடமிருந்து சென்டார் என்ற இன்னொரு ரெண்டு அடுக்கு ராக்கெட்டை இங்கேயே தயாரிக்க உரிமம் வாங்க ஏற்பாடு செய்தார். கூடவே சொந்தமாக ஒன்று. 1967 நவம்பர் 20 அன்று தும்பாவிலிருந்து ரோகிணி ஆர்.எச்-75 பறந்தது. அந்த 75 என்பது மி.மீ. கணக்கில் அதன் விட்டம். நம்ம ஊர்க் கரும்புல தடியான ஒண்ணை எடுத்து ரெண்டா சேர்த்துக் கட்டினா எவ்வளவு தடிமன் வருமோ, அவ்வளவுதான். அமெரிக்காவும் ரஷ்யாவும் நிலாவுக்குப் போட்டி போட்ட காலம் அது. அந்த நேரத்துல இதைப் பெருமையாப் பறக்கவிட ஒரு தைரியம் வேணும்.

அப்போது எழுந்த பெரிய கேள்வி, சோத்துக்கே கஷ்டப்படுற நாட்டுக்கு ராக்கெட் எதுக்கு என்பது. நியாயமான கேள்வி. சாராபாய் வாதம் பண்ணுவதற்குப் பதில் வேலையாலேயே பதில் தேடினார். செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சிப் பாடம் கொண்டு போகும் திட்டத்துக்காக 1969-ல் நாசாவோடு ஒப்பந்தம் ஆனது. வானிலை, தகவல் தொடர்பு, விவசாயம் என்றே அவர் திட்டங்கள் போயின. 1968 பிப்ரவரி 2 அன்று தும்பா ஏவுதளம் ஐ.நா.வுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ பிறந்தது.

செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைக்க ரெண்டு ஸ்டேஜ்கூடப் பத்தாது. கணக்குல பார்க்கலாம். வாயு விநாடிக்கு 2.5 கி.மீ. வேகத்துல வெளியேறுதுன்னு வச்சுக்குங்க. கிளம்பும்போது இருந்த எடை, எரிஞ்சு முடிஞ்சதும் எட்டுல ஒண்ணா ஆகுதுன்னா, சியால்கோவ்ஸ்கி சமன்பாட்டின்படி கிடைக்கிற வேகம் சுமார் 5.2 கி.மீ. சுற்றுப்பாதைக்கு 7.8 கி.மீ. வேணும். புவியீர்ப்பும் காத்தும் தின்னுறதையும் சேர்த்தா 9-க்கு மேல. ஒரே ஸ்டேஜ்ல 10.4 வேணும்னா எடை 64-ல் ஒண்ணா ஆகணும். நூறு கிலோ ராக்கெட்ல ஒன்றரை கிலோதான் மிஞ்சணும், கூடு உட்பட. நடக்காது. ஆனா காலியான கூட்டை வழியில கழட்டிப் போட்டுட்டு, எட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தடவை செஞ்சா அதே 10.4 வந்துடும். நிஜத்துல அந்த எட்டுக்கு ஒண்ணே கஷ்டம். அதனாலதான் எஸ்.எல்.வி-3-க்கு நாலு ஸ்டேஜ்.

அந்த நாலு ஸ்டேஜுக்கும் சாராபாய் தனித்தனித் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார். நாலாவது ஸ்டேஜ் கலாமுக்கு. எல்லாரும் இளைஞர்கள். செயற்கைக்கோள் ராக்கெட்டை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. தெரிஞ்சவங்களைத் தேடினா ஆளே கிடைச்சிருக்காது, கத்துக்கிறவங்களைத்தான் தேடினார்.

கடைசி நாள்

1966 ஜனவரியில் விமான விபத்தில் ஹோமி பாபா இறந்த பிறகு அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயிடம் வந்தது. கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் 1971-ல் தொடங்கியது அவர் காலத்தில்தான். அணுகுண்டில் அவருக்கு நாட்டம் இல்லை. அதனால் அந்தத் துறைக்குள் அவரோடு ஒத்துப்போகாதவர்களும் இருந்தார்கள். அணுசக்தி, விண்வெளி, அகமதாபாத் ஆராய்ச்சிக்கூடம், மூணும் ஒரே ஆள் தலையில். கொடுத்துவிட்டு நகர்கிற மனுஷன், கடைசி வருஷங்களில் எதையும் இறக்கி வைக்க முடியாமல் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார். இதையும் சொல்லித்தான் ஆகணும். எல்லாரும் பாடமா எடுத்துக்க வேண்டிய பகுதி இது.

1971 அக்டோபர் 9 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது, சின்ன ஆர்.எச்-125. டிசம்பர் கடைசியில் சாராபாய் தும்பா வேலைகளைப் பார்க்கத் திருவனந்தபுரம் வந்திருந்தார். டெல்லியில் ஒரு கூட்டத்தை முடித்த கலாம் போனில் அவரிடம் பேசினார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கித் தனக்காகக் காத்திருக்கும்படி சாராபாய் சொன்னார். கலாம் வந்து இறங்கியபோது காத்திருக்க ஆள் இல்லை. 1971 டிசம்பர் 30, கோவளத்தில் தங்கியிருந்த இடத்தில் சாராபாய் மாரடைப்பால் இறந்துவிட்டார். போனில் பேசி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. வயது 52.

அவர் பார்க்காதது

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா 1975 ஏப்ரலில் பறந்தது. அவர் இல்லை. அதே வருஷம் ஆகஸ்டில் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. அவர் இல்லை.

1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி-3-ன் முதல் பயணம். முதல் ஸ்டேஜ் நல்லா வேலை செஞ்சது. கோளாறு எங்க தெரியுமா? ரெண்டாவது ஸ்டேஜ்ல. அதன் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகி, 317-வது விநாடியில் எல்லாம் வங்காள விரிகுடாவில் விழுந்தது. கரும்பு வயலில் விழுந்த எங்க பாட்டிலுக்கு வருத்தப்பட்ட நான் இதைப் படிச்சுட்டு வாயை மூடிக்கிட்டேன்.

பதினொரு மாதம் கழித்து, 1980 ஜூலை 18 அன்று, அதே எஸ்.எல்.வி-3 நாலு ஸ்டேஜும் ஒழுங்காக எரிந்து 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. 1970-ல் சாராபாய் அடுத்த பத்து வருஷத்துக்கான ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டிருந்தார். அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள, அவர் இல்லாமலேயே, அவர் தேர்ந்தெடுத்த ஆட்கள் முடிச்சுக் காட்டிட்டாங்க. தும்பா மையத்துக்கு இன்று அவர் பெயர். நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர். சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் 2019-ல் நிலாவில் மோதி உடைந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-ன் விக்ரம் அலுங்காமல் இறங்கியது. அன்னைக்கு ஹாஸ்டல் மெஸ்ல டிவி முன்னாடி நாம எல்லாரும் கத்தினது ஞாபகம் இருக்கும்.

சாராபாய்கிட்ட இருந்து எனக்குக் கிடைச்சது நாட்டுப்பற்றுப் பேச்சு இல்ல. நாம பார்க்கப் போறதே இல்லைன்னாலும் ஒரு வேலையை ஒழுங்கா ஆரம்பிச்சு, அடுத்த ஆள் தொடர்ற மாதிரி வச்சுட்டுப் போகலாம்ங்கிற ஒரு நம்பிக்கை.

எங்க டீம்ல நாலு பேருக்குப் பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு. மே மாசத்தோட காலேஜ் முடியுது. புது இணைப்பு செஞ்சு, டெஸ்ட் பண்ணி, திரும்பப் பறக்கவிட எங்களுக்கு நேரம் இல்ல. டெக் ஃபெஸ்ட்ல காட்டுறதுக்காக ஏதோ ஒண்ணை ஒட்டிப் பறக்கவிட்டு ஃபோட்டோ எடுத்துக்கலாமான்னு ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். லாஞ்சர், வால்வு, அந்த ஒட்டிக்கிட்ட ட்யூப், ஸ்லோ மோஷன் வீடியோ, அளவு எழுதின நோட்டு, எல்லாத்தையும் செகண்ட் இயர் பசங்க கிட்டயும் பொண்ணுங்க கிட்டயும் கொடுத்துட்டோம். நோட்டுல முதல் பக்கமே எங்க தப்புதான். மறைச்சா அடுத்தவங்களும் அதே கரும்புக்குள்ளதான் தேடணும்.

சனிக்கிழமை மதியம் ஒர்க்ஷாப் பின்னாடி அவங்க வேலை பார்க்கிறாங்க. எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தாலும் போகலாம். போறவங்க வீட்டுல நல்ல சைக்கிள் பம்பு இருந்தா எடுத்துட்டுப் போங்க. எங்களது இரவல், திருப்பிக் கொடுக்கணும்.